வாலைக் காட்டாத வால்மீன்கள்

தமிழில் வால்மீன் என்கிறோம். வடமொழியில் தூமகேது. ஆங்கிலத்தில் வழங்கும் 'காமெட்' என்ற சொல், கூந்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. வாலை உடையது, புகையைக் கொடியாக உடையது, கூந்தலை விரித்தது என மூன்று மரபுகளும் அந்த வானப் பொருளுக்கு அதன் தோற்றத்தை வைத்தே பெயரிட்டிருக்கின்றன. சிறுகோளின் கதையும் இதுவே. 1802-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் அதற்குச் சூட்டிய 'ஆஸ்டிராய்டு' என்ற பெயருக்கு 'விண்மீன் போன்றது' என்று பொருள். தொலைநோக்கியில் பார்த்தால் விண்மீனைப் போல வெறும் புள்ளியாகத் தெரிகிறது. நாளுக்கு நாள் இடம் பெயர்வதுதான் வேறுபாடு. அதனால் அப்பெயர்.

ஆகவே நகரும் புள்ளியாகத் தெரிந்தால் சிறுகோள்; புகைமூட்டத்துடன் தெரிந்தால் வால்மீன். இருநூறு ஆண்டுகளாக வானியலார் கைக்கொண்ட எளிய இலக்கணம் இது. ஆனால், வால்மீன் தன் வாலை எந்நேரமும் விரித்துக்கொண்டு திரிவதில்லை. அதன் உடல் பனியும் தூசும் பாறைத் துகளும் கலந்த ஒரு கட்டி. சூரியனை நெருங்கும்போது வெப்பத்தால் பனி நீராகாமல் நேரடியாக ஆவியாகிறது. அந்த ஆவி தூசையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுவே நாம் காணும் முகிலும் வாலும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்குக்கு அப்பால் இருக்கும்போது நீர்ப்பனி பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். அந்த நிலையில் பார்ப்பவருக்கு வால்மீனும் ஒரு புள்ளிதான்.

அப்படிப் புள்ளியாகப் பார்க்கப்பட்டு, சிறுகோள் என்று பதிவேட்டில் ஏறி, பல ஆண்டுகளுக்குப் பின் வால்மீன் என்று திருத்தப்பட்டவை பல. அவற்றுள் புகழ்பெற்றது கைரன். 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகத்தில் சார்லஸ் கோவல் இதைக் கண்டறிந்தார். சனிக்கும் யுரேனஸுக்கும் இடைப்பட்ட வெளியில் உலவும் இப்பொருள் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 50 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சிறுகோள்கள் வாழும் பகுதி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே என்றிருக்க, இவ்வளவு தொலைவில் ஒரு சிறுகோளா என்ற வியப்பு அப்போதே எழுந்தது. எனினும் 2060 என்ற சிறுகோள் எண் வழங்கப்பட்டது. 1988-இல் அது கணக்கிட்டதைவிட அதிகமாக ஒளிர்ந்தது. மறு ஆண்டே அதைச் சுற்றி மங்கலான முகில் இருப்பதைக் கேரன் மீச்சும் மைக்கேல் பெல்ட்டனும் படம் பிடித்தனர். இன்று அதற்கு 95பி என்ற வால்மீன் எண்ணும் உண்டு. வால்மீன்களின் உடல் பொதுவாகச் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஹாலி வால்மீன்கூடச் சுமார் 15 கிலோமீட்டர் நீளம்தான். கைரனோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலம். இவ்வளவு பெரிய உடல் புகைவிடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

கைரனாவது தொலைவில் உள்ளது. பனி எஞ்சியிருக்க நியாயம் உண்டு. எல்ஸ்ட்-பிசாரோ வால்மீனின் கதைதான் பாடநூல்களைத் திருத்தவைத்தது. 1979-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தில் பதிவான இப்பொருள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையில், மற்ற சிறுகோள்களைப் போலவே ஒழுங்கான பாதையில் சுற்றுவது. எவ்விதச் சந்தேகத்துக்கும் இடம் தராத சிறுகோள். 17 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1996-ஆம் ஆண்டு சிலி நாட்டில் கைடோ பிசாரோ எடுத்த ஒரு படத்தில் அதற்கு மெல்லிய நேரான வால் இருப்பதை எரிக் எல்ஸ்ட் கவனித்தார்.

வேறொரு கல் மோதிக் கிளப்பிய தூசாக இருக்கலாம் என்று பலர் கருதினர். அது பொருந்தாத விளக்கமும் அன்று. ஆனால், 2002-இல் அது மீண்டும் சூரியனை நெருங்கியபோது வால் திரும்பவும் முளைத்தது. தற்செயலான மோதல், சுற்றுக்கொரு முறை நாள் பார்த்து நிகழாது. உள்ளே பனி இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஹென்றி ஷேவும் டேவிட் ஜூவிட்டும் வந்தனர். 2006-ஆம் ஆண்டு அவர்கள் 'முதன்மைப் பட்டை வால்மீன்கள்' என்ற புதிய வகையையே முன்வைத்தனர். இன்று அப்பொருள் சிறுகோள் பட்டியலில் 7968. வால்மீன் பட்டியலில் 133பி. ஒரே ஆளுக்கு இரண்டு ஊர்களில் குடும்ப அட்டை இருப்பதைப் போன்ற நிலைமை. வானியலில் மட்டும் இது குற்றமாகாது.

பெயரை மாற்றி எழுதுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பூமியின் கடல்நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. உருவான காலத்தில் பூமி வெந்துகொண்டிருந்த உடல். அதன் நீரில் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்து விழுந்த பொருள்களின் கொடை என்ற கருத்து வலுவாக உள்ளது. தொலைவிலுள்ள வால்மீன்கள் கொண்டுவந்தனவா, அருகிலுள்ள சிறுகோள்கள் கொண்டுவந்தனவா என்பது நெடுநாள் விவாதம். சிறுகோள் பட்டைக்குள்ளேயே பனிக்கட்டிகள் பதுங்கியிருக்கின்றன என்றால், அந்த விவாதத்தின் தளமே மாறிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, 238பி/ரீட் என்ற பட்டை வால்மீனிலிருந்து நீராவி வெளியேறுவதை நேரடியாகக் கண்டறிந்தது. மற்ற வால்மீன்களில் தாராளமாகக் காணப்படும் கார்பன் டை ஆக்சைடு அதில் தென்படவில்லை. இவை தனிக்குடி என்று எண்ண இதுவும் ஒரு காரணம்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் சிறுகோள்களுக்கும் உள்ள உறவு பழையது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுப்பப்பட்ட மதராஸ் வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த கல்வெட்டுடன் நிற்கிறது. அங்கே 1861 முதல் 1891-இல் தாம் மறையும்வரை அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். விண்மீன்களின் ஒளியளவை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கு அவருடையதே. சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17-ஆம் நாள், ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். அடுத்து சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-இல் வேரா. ஒளிப்படத் தட்டு புழக்கத்துக்கு வராத காலம் அது. தொலைநோக்கியில் கண்ட ஒவ்வொரு புள்ளியையும் விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஏதும் நுழைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கண்ணும் பொறுமையும்தான் கருவிகள்.

அதே போக்சனுக்கு 1872-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்பூயஸ். பியலா என்ற வால்மீன் ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1846-இல் அது இரண்டாக உடைந்தது. 1852-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27-ஆம் நாள் இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பிய வானில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. பியலா பூமியைத் தொட்டுவிட்டுச் சென்றிருக்கிறது, தெற்கு வானில் இன்ன விண்மீனுக்கு அருகில் தேடுங்கள் என்பது தந்தியின் சாரம். அந்தத் திசை ஐரோப்பாவிலிருந்து தெரியாது, சென்னையிலிருந்து தெரியும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் தொடக்கத்தில் மேகம் விலகிய இரண்டு விடியற்காலைகளில் போக்சன் தேடினார். சொன்ன இடத்துக்கு அருகில் உண்மையாகவே ஒரு வால்மீன் இருந்தது! மூன்றாம் முறை பார்க்க வானம் விடவில்லை. ஒரு வான்பொருளின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நேரங்களில் அதன் இடம் தெரிந்திருக்க வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டு. பியலா கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். பின்னர் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், அது பியலாவாக இருக்க வழியில்லை என்றனர். அப்படியானால் அது எது? இன்றும் பட்டியலில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்றே உள்ளது. முன்னால் நிற்கும் 'எக்ஸ்' என்ற எழுத்து, பாதை கணக்கிட முடியாத வால்மீன் என்பதைக் குறிக்கும். தேடிய இடத்தில், தேடிய நாளில், தேடாத ஒன்று கிடைத்தது என்பது வானியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சென்னையின் ஒரு நாள் மழை அதற்கு முகவரி இல்லாமல் செய்துவிட்டது என்றும் சொல்லலாம்.

வேராவுக்குப் பின் நூறாண்டுக்கும் மேலான இடைவெளி. 1988-ஆம் ஆண்டு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தில், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஆர்.ராஜமோகன் சிறுகோள்களைக் கண்டறிந்தார். சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடுவதற்கென்றே 'கல்கி' என்று பெயரிட்டு நடத்தப்பட்ட திட்டம் அது. கண்டறிந்தவற்றுள் ஒன்று 4130 ராமானுஜன். கணிதமேதையின் நூற்றாண்டு முடிந்த சில வாரங்களில் அகப்பட்டது. மற்றொன்று, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஜே.சி.பட்டாச்சார்யாவின் பெயரைத் தாங்கியுள்ளது. காவலூர் ஆய்வகம் இன்று வைணு பாப்புவின் பெயரால் வழங்குகிறது. அவரும் 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது பாப்பு-பாக்-நியூகிர்க் என்ற வால்மீனைக் கண்டறிந்தவர்தான்.

அதே 1949-இன் நவம்பர் மாதம் நிகழ்ந்த இன்னொன்று, பழைய தட்டுகளின் மதிப்பை எவரும் மறுக்க முடியாதபடி காட்டியது. பாலோமர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் வில்சனும் ராபர்ட் ஹாரிங்டனும் ஒரு வால்மீனைப் படம் பிடித்தனர். மிகச் சிறிய வால். சில நாள்களுக்குப் பின் அது காணாமற்போயிற்று. கிடைத்த தரவு பாதையை உறுதிசெய்யப் போதவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1979-இல் எலினோர் ஹெலின் பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். வால் இல்லை, முகில் இல்லை. 4015 என்ற சிறுகோள் எண் தரப்பட்டது. ஆண்டுக்காண்டு அதன் பாதை துல்லியப்பட்டது. அந்தப் பாதையில் பின்னோக்கிச் சென்று, கடந்த காலத்தில் அது எங்கெங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பழைய தட்டுகளைப் புரட்டியபோது 1949-ஆம் ஆண்டின் தட்டு கைக்கு வந்தது. அதில் வாலுடன் இருந்தது இதே பொருள்! 1992 ஆகஸ்டில் இரண்டும் ஒன்றே என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு தட்டு குப்பைக்குப் போயிருந்தால் வில்சன்-ஹாரிங்டன் வால்மீன் இன்றும் தொலைந்தவர் பட்டியலில் இருந்திருக்கும். 4015 ஒரு சாதாரணச் சிறுகோளாக நீடித்திருக்கும்.

பழைய காகிதத்தின் மதிப்பைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பழைய நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, அழைப்பிதழ் எனப் பிறர் தூக்கியெறிந்ததையெல்லாம் சேர்த்துவைத்தார். சேர்க்கும்போது எது எந்த ஆய்வாளருக்கு எப்போது பயன்படும் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒளிப்படத் தட்டுகளைக் காப்பதும் இதே வகையான காரியம். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டுவருவது பாராட்டத்தக்கது. சூரியனுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு, நம் நாட்டில் எடுக்கப்பட்ட இரவு வானத் தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் கிடைக்க வேண்டும். செலவு பெரிதன்று, ஒரு புதிய தொலைநோக்கியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

வால் முளைத்ததெல்லாம் வால்மீன் என்றும் கொள்ள முடியாது; குழப்பம் இரு திசையிலும் உண்டு. 1906 முதல் அறியப்பட்ட ஷைலா என்ற பெரிய சிறுகோள், 2010 டிசம்பரில் திடீரெனத் தூசி மண்டலத்துடன் காட்சியளித்தது. ஏதோ ஒரு கல் மோதியதன் விளைவு அது. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற குட்டிக் கோளில் வேண்டுமென்றே மோதியபோது, அதற்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள வால் முளைத்தது. மனிதர் வரைந்த வால். 1988-இல் கண்டறியப்பட்ட கால்ட் என்ற சிறுகோளுக்கு 2019-இன் தொடக்கத்தில் இரண்டு வால்கள் தெரிந்தன. லடாக்கின் ஹான்லேயிலுள்ள நம் இமாலய சந்திரா தொலைநோக்கியும் அதை ஆராய்ந்த கருவிகளுள் ஒன்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் அளவுக்கு அது வேகம் பெற்றுவிட்டதால் மேற்பரப்புத் தூசு சிதறியது என்பது கிடைத்த விளக்கம். பிறகு பழைய மின்னணுப் படங்களைத் தேடியவர்கள், 2013-இலேயே அதற்கு வால் இருந்ததைக் கண்டனர். படம் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

கார்த்திகை மாதக் கடைசியில், டிசம்பர் 13, 14 தேதிகளின் நள்ளிரவில், காரைக்குடியின் தெருவிளக்குகளைத் தாண்டி ஏதேனும் ஒரு கண்மாய்க் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஜெமினிட் எரிகற்கள் அடுத்தடுத்துக் கோடிழுப்பதைக் காணலாம். எரிகல் மழை என்பது வால்மீன் விட்டுச்சென்ற தூசு என்பது பொதுவிதி. ஜெமினிடின் தாய்ப்பொருளோ 1983-இல் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் ஒன்று கண்டறிந்த ஃபேத்தான் என்ற சிறுகோள். புதன் கோளைவிட மிக நெருக்கமாகச் சூரியனை அணுகிவரும் அதில் இனிப் பனி எஞ்சியிருக்க வாய்ப்பு அரிது. சூரியனை நெருங்கும்போது அதற்கு மெல்லிய வால் தோன்றுவது உண்டு. அது தூசன்று, வெப்பத்தில் ஆவியாகும் சோடியம் என்று 2023-இல் வந்த ஆய்வு கூறியது. அப்படியானால் நம் தலைக்கு மேல் எரியும் இவ்வளவு தூசு எப்போது, எவ்வாறு வெளியேறியது? இதற்கு இறுதி விடை இன்னும் எழுதப்படவில்லை.

பள்ளி மாணவர் சிறுகோளைக் கண்டறிந்தார் என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது பார்க்கிறோம். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை மாணவர்களிடம் தந்து, நகரும் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லும் பன்னாட்டுத் திட்டத்தில் நம் பள்ளிகளும் பங்கேற்கின்றன. நல்ல பயிற்சி, மாணவர்களைத் தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், அவர்களுக்குக் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அப்புள்ளியை மற்றவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாதை உறுதியாகி நிரந்தர எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் அது வால்மீனாகவும் மாறிவிடலாம். முதல் பார்வைக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தி, இரண்டாம் பார்வைக்கும் மூன்றாம் பார்வைக்கும் கிடைப்பதில்லை. கைரனையும் எல்ஸ்ட்-பிசாரோவையும் நமக்கு இன்னதென்று காட்டியவை அந்தப் பிந்தைய பார்வைகளே.

இந்தத் தேவை இனிப் பன்மடங்காகும். சிலி நாட்டில் அமைந்துள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூன் மாதம் தன் முதல் படங்களை வெளியிட்டது. ஏறத்தாழ பத்து மணி நேரக் கண்காணிப்பில் அது கண்ட புதிய சிறுகோள்கள் 2,104. போக்சன் சென்னையில் கண்டவை 24 ஆண்டுகளில் ஐந்து. அடுத்த பத்தாண்டுகளில் இலட்சக்கணக்கான புள்ளிகள் வந்து குவியும். அவற்றை எல்லாம் பெரிய தொலைநோக்கிகளால் மறுபடி ஆராய இயலாது. கணினி முதலில் சலித்துத் தரும். ஐயத்துக்குரியவற்றை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். மங்கலான வாலையும் படத்தில் விழுந்த கறையையும் பிரித்தறிவதில் கணினி இன்னமும் தடுமாறுகிறது.

2021 முதல் 'ஆக்டிவ் ஆஸ்டிராய்ட்ஸ்' என்ற திட்டம் இணையத்தில் இயங்குகிறது. சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றின் பழைய படங்களை வெட்டி, சிறுகோள் உள்ள துண்டுகளைப் பொதுமக்களிடம் காட்டி, இதில் வால் தெரிகிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். பட்டம் தேவையில்லை, தொலைநோக்கி தேவையில்லை, கட்டணமும் இல்லை. உலகெங்கிலுமிருந்து தன்னார்வலர்கள் பார்த்துச் சொன்ன விடைகளிலிருந்து, அதுவரை வாலற்றவை என்று கருதப்பட்ட பல பொருள்கள் மறு ஆய்வுக்கு எடுக்கப்பட்டுள்ளன. காரைக்குடிக் கல்லூரி விடுதி ஒன்றின் கணினியிலிருந்தும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில், அந்தப் படங்களைப் பார்க்கலாம்.